காட்டுவதற்கு ஏதுமற்ற இடம்

பாரிமுனையில் டேர் ஹவுஸின் ஓரத்தில் ஒரு கல்தூண் நிற்கிறது. 1773ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஆறு தூண்கள் நடப்பட்டதில் மிஞ்சியது இது ஒன்றுதான். ஞாயிறு காலை ஆறரை மணிக்கு இந்தத் தூணருகே பத்துப் பதினைந்து பேரை நிறுத்திவைத்துப் பேசுவது என் வழக்கம். ஊதியம் கிடையாது. சென்னையின் பழைய தெருக்களில் இப்படி ஆட்களைக் கூட்டிக்கொண்டு நடந்து வரலாறு சொல்வது, 2004இல் மெட்ராஸ் தினம் கொண்டாடத் தொடங்கிய பிறகு பரவலானது. 1639 ஆகஸ்ட் 22இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு நிலம் எழுதித் தரப்பட்டதாகக் கொண்டு, அதையே நகரத்தின் பிறந்தநாள் என்கிறோம். மயிலாப்பூரும் திருவல்லிக்கேணியும் அதற்கும் பல நூற்றாண்டுகள் முந்தியவை. ஒரு பட்டயம் கைமாறிய நாள் எப்படி ஊரின் பிறப்பாகும் என்பது வேறு சண்டை, இப்போது வேண்டாம்.

நடை என்பது நிறுத்தங்களால் ஆனது. ஓர் இடம் நிறுத்தமாவதற்குச் சில நிபந்தனைகள் உண்டு. கூட்டம் நிற்க ஓரம் வேண்டும், கொஞ்சம் நிழல் வேண்டும், பஸ் இரைச்சலை மீறிக் குரல் எட்ட வேண்டும். எல்லாவற்றையும்விட, நீட்டிய விரலுக்கு எதிரே ஒரு பொருள் இருக்க வேண்டும். ‘அதோ பாருங்க’ என்று சொல்ல முடியாத இடத்தில் எந்த வழிகாட்டியும் நிற்பதில்லை. ஆகவே ஆர்மீனியன் தெருவில் 1772இல் கட்டிய ஆர்மீனியர் தேவாலயத்தில் நிற்போம். 1892இல் திறந்த உயர்நீதிமன்றத்தின் செங்கல் கோபுரங்களுக்கு எதிரே நிற்போம். ஏழு கிணறு வீராசாமித் தெருவில் வள்ளலார் வாழ்ந்த வீட்டு வாசலில் நிற்போம். சொல்வதெல்லாம் சரியான தகவல்தான். ஆனால் எதைச் சொல்வது என்கிற தேர்வு, நான் வாய் திறப்பதற்கு முன்பே செங்கல்லாலும் சுண்ணாம்பாலும் முடிந்துபோயிருக்கிறது.

இது எனக்கு உறைத்தது இந்தத் தூணால்தான். வெகுநாள் இதைப் பழம்பொருளாக மட்டும் காட்டிக்கொண்டிருந்தேன். உண்மையில் இது குறிப்பது ஒரு வெற்றிடத்தின் எல்லையை. கோட்டையின் வடக்கு மதிலை ஒட்டித்தான் முதல் கறுப்பர் நகரம் இருந்தது: நெசவாளர்கள், துபாஷிகள், சில்லறை வியாபாரிகள், சென்னக்கேசவப் பெருமாள் கோயில். 1746இல் கோட்டையைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்கள் மதிலோரத்து வீடுகளை இடித்தார்கள். 1749இல் திரும்பப் பெற்ற ஆங்கிலேயர்கள் அடுத்த பத்தாண்டில் மிச்சத்தையும் இடித்தார்கள். பீரங்கிக்கு முன்னால் எதிரி ஒளிந்துகொள்ள மறைவு இருக்கக் கூடாது, அவ்வளவுதான் காரணம். இனி இந்தப் பக்கம் வீடு கட்டாதே என்பதற்குத்தான் தூண்கள். உயர்நீதிமன்றம் அந்தத் திடலின்மேல் எழுந்தது. கோயில் 1760களில் வேறிடத்தில் மறுபடி எழுந்தது.

இன்னொன்று. ஆங்கிலேயரின் பழைய இடுகாடும் இந்தப் பக்கம்தான் இருந்தது. 1758-59 முற்றுகையில் பிரெஞ்சுப் படையினர் அந்தக் கல்லறைகளையே மறைவாகப் பயன்படுத்தியதால் அவற்றையும் அகற்றினார்கள். ஆனால் பெயர் பொறித்த பலகைக் கற்களைப் பத்திரமாகக் கொண்டுபோய்க் கோட்டைக்குள் புனித மேரி தேவாலய முற்றத்தில் பதித்தார்கள். இன்றும் அங்கே குனிந்து படிக்கலாம். செத்தவர்களுக்குப் பெயர் மிஞ்சியது. உயிரோடிருந்து வீட்டை இழந்தவர்களின் பெயரை எங்கே போய்ப் படிப்பது?

நகரில் நடப்பது ஒருவகைப் பேச்சு, நடப்பவன் வரைபடக்காரனின் ஒழுங்கை மீறித் தன் வாக்கியத்தை உருவாக்குகிறான் என்று மிஷெல் தெ செர்த்தோ எழுதினார். சிற்றிதழ்காரர்களான நமக்குப் பிடித்தமான சிந்தனை. ஆனால் அவர் சொல்லும் நடை தனியாள் நடை. வழிகாட்டியின் பின்னால் நடப்பவர் ஏற்கனவே எழுதப்பட்ட பிரதியைக் காலால் வாசிக்கிறார். சம்பளம் வாங்காதவன் என்பதால் என் பேச்சுக்கு ஒரு தூய்மை ஏறிவிடுகிறது. ‘காசுக்கா சொல்றார், ஊர்மேல பாசம்’ என்கிறார்கள். காசு வாங்கும் வழிகாட்டியிடம் கேட்கிற எதிர்க்கேள்வியை என்னிடம் கேட்பதில்லை. 1707இல் இடங்கை வலங்கைச் சாதிகள் மோதியபோது கம்பெனி ஆளுநர் தாமஸ் பிட் பெத்தநாயக்கன்பேட்டையை வலங்கைக்கும் முத்தியால்பேட்டையை இடங்கைக்கும் என்று பிரித்துக்கொடுத்ததைச் சொன்னால் மட்டும் சிலர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள்.

ஒருமுறை கொத்தவால் சாவடிப் பக்கம் பேசிக்கொண்டிருந்தேன். மீன்பாடி வண்டிமேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த பெரியவர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

“இன்னா சார், இவங்கல்லாம் எடம் வாங்கப் போறாங்களா?”

இல்லை, பழைய ஊரைச் சுற்றிப் பார்க்க வந்திருக்கிறார்கள் என்றேன். அவர் சிரித்தார். பிறகு கதை சொன்னார். அவருடைய அப்பா இங்கே மூட்டை தூக்கியவர். 1996இல் மார்க்கெட்டைக் கோயம்பேட்டுக்கு மாற்றியபோது இவரும் போனார், ஒத்துவரவில்லை, திரும்பி வந்துவிட்டார். எந்தக் கடை வாசலில் யார் படுப்பார்கள், மழையில் எந்தத் தாழ்வாரத்துக்கு ஓடுவார்கள் என்று கை காட்டிக்கொண்டே போனார். அந்த வாசல்களில் இப்போது ஷட்டர்கள்.

அடுத்த நடையிலேயே அவரை ஒரு நிறுத்தமாக்கிவிட வேண்டும் என்று பறந்தேன். விளிம்பின் குரல், மாற்று வரலாறு என்று மனசுக்குள் தலைப்பெல்லாம் தயார். கேட்டேன்.

“அத்தினி பேரு முன்னாடி நிக்கறதுக்கு நான் இன்னா பொம்மையா? உனக்குச் சொன்னேன், கேட்டுக்கின. போ.”

அவர் மறுத்தது நியாயம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். தேவாலயத்தின் இடத்தில் ஒரு மனிதரை வைத்தால் விரல் நீட்டுவது மாறிவிடுவதில்லை.

அவர் சொன்னதை அவர் இல்லாத இடத்தில் நான் சொல்லலாமா என்பதற்கு இன்னும் விடை கிடைக்கவில்லை. இதுவரை சொன்னதில்லை, இந்தக் கட்டுரை தவிர. ஒன்றை மட்டும் மாற்றிக்கொண்டேன். தூணைக் காட்டி முடித்ததும் கூட்டத்தைத் திருப்பி, உயர்நீதிமன்றப் பக்கம் பார்க்கச் சொல்கிறேன். கட்டடத்தை விட்டுவிட்டு, அது நிற்கும் தரையைப் பார்க்கச் சொல்கிறேன். அங்கே இருந்த தெருக்களைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசுகிறேன். போட்டோ எடுக்க எதுவும் இல்லாததால் செல்போன்கள் கீழே இறங்கிவிடுகின்றன. போன மாதம் ஒரு சின்னப் பெண், “அங்கிள், அந்த வீட்டுக்காரங்கல்லாம் அப்புறம் எங்க போனாங்க?” என்று கேட்டாள். முத்தியால்பேட்டைக்கும் பெத்தநாயக்கன்பேட்டைக்கும் போனவர்களைச் சொன்னேன். “எல்லாருமா?” என்றாள்.