உஷார்! தஞ்சாவூர் ஓவியம் என்று பிரிண்ட் படத்தைத் தலையில் கட்டுகிறார்கள்

கிரகப்பிரவேசத்துக்கோ கல்யாணத்துக்கோ தஞ்சாவூர் ஓவியம் வாங்கப் போகிறீர்களா? பணத்தை நீட்டுவதற்கு முன் கொஞ்சம் நில்லுங்கள். கம்ப்யூட்டரில் அச்சடித்த வெண்ணெய்க் கிருஷ்ணன் மேல் ஆங்காங்கே கல்லை ஒட்டி, தங்க நிற ரேக்கை வைத்து, தேக்கு பிரேமும் கண்ணாடியும் மாட்டி, ‘கைவேலை, 22 காரட்’ என்று விற்கிறார்கள். நாலடி தள்ளி நின்று பார்த்தால் யாரும் ஏமாந்துவிடுவார்கள்.

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் ராமர் பட்டாபிஷேகம் வாங்கினார்கள். சில வருஷங்களிலேயே ராமரின் கிரீடம் கறுத்து, சீதையின் ஒட்டியாணத்தில் பச்சை பூத்துவிட்டது. கேட்டதற்கு, “விளக்குப் புகைம்மா” என்று கடைக்காரர் முடித்துக்கொண்டார். புகையால் கரி படியலாம், பச்சை எப்படிப் பூக்கும்? செம்பும் துத்தநாகமும் கலந்த போலி ரேக்குதான் உப்புக்காற்றிலும் ஈரத்திலும் அப்படி ஆகும். நல்ல தங்க ரேக்கு தலைமுறை தாண்டியும் மங்காது. மராட்டியர் காலத்துத் தஞ்சைப் படங்களில் தங்கம் இன்றும் மின்னுகிறது.

அசல் படம் எப்படி உருவாகிறது என்று தெரிந்தால்தான் போலி பிடிபடும். அந்தக் காலத்தில் பலாப் பலகை, இப்போது பெரும்பாலும் பிளைவுட். அதன்மேல் துணி ஒட்டி, சுண்ணப்பொடியும் கோந்தும் குழைத்துப் பூசித் தேய்க்கிறார்கள். உருவத்தை வரைந்த பிறகு நகை, மண்டபத் தூண், திரைச்சீலை ஆகிய இடங்களில் மக்கு எனும் சுண்ணக் குழைவை வைத்து மேடாக்கி, கல் பதித்து, ரேக்கு ஒட்டி, வர்ணம் தீட்டி, கடைசியில்தான் முகத்துக்குக் கண் திறக்கிறார்கள். வாரக்கணக்கில் இழுக்கும் வேலை இது. தங்கம் விற்கிற விலையில் இரண்டடிப் படத்தை இரண்டாயிரம் ரூபாய்க்கு எந்த ஓவியராலும் தர முடியாது. அந்த விலையைக் கேட்டதுமே சந்தேகப்படுங்கள்.

கையில் ஒரு பூதக்கண்ணாடி கொண்டுபோங்கள். கூச்சமே வேண்டாம். கண்ணாடி மாட்டாத படமாகக் கேட்டு வாங்கி, சாமியின் கன்னம், உதடு, விரல் நுனிகளைப் பாருங்கள். பிரிண்ட் என்றால் பொடிப்பொடியாக வண்ணப் புள்ளிகள் தெரியும். கையால் தீட்டியதென்றால் தூரிகை இழுத்த தடம் தெரியும், புருவக் கோடு ஓரிடத்தில் தடித்து ஓரிடத்தில் மெலிந்திருக்கும். சேலையிலும் பின்னணியிலும் பிரிண்ட் மேலேயே வர்ணம் பூசி மறைத்துவிடுகிறார்கள். முகத்தில் கைவைக்கத் திறமை வேண்டும் என்பதால் அதை அப்படியே விட்டுவிடுவார்கள். திருட்டு அங்கேதான் அகப்படும். அதே சாமியின் இன்னொரு படத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே மாதிரியை வைத்து வரைந்தாலும் இரண்டு முகங்கள் அச்சுப் பிசகாமல் ஒன்றாக இருக்காது.

இதைவிடப் பெரிய ஆபத்து, பாட்டி காலத்துப் படங்களுக்கு. “பழசைக் கொடுங்க, புதுசு தர்றோம்”, “புதுப்பிச்சுக் கொண்டுவர்றோம்” என்று யாராவது வாசலுக்கு வந்தால் படத்தைக் கழற்றிக் கொடுத்துவிடாதீர்கள். கைமாறிப் போனால் திரும்ப வராது. நூறு வருஷம் தாண்டிய ஓவியம் 1972-ஆம் வருஷச் சட்டப்படி தொல்பொருள். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவே கூடாது. அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைக்குக் கொடுத்தனுப்ப நினைக்கும் பெற்றோருக்கும் இதே சட்டம்தான். வீட்டில் துடைக்கிறேன் என்று ஈரத்துணியும் படவே கூடாது. கோந்தில் குழைத்த மக்கு தண்ணீரில் ஊறினால் வர்ணத்தோடு பெயர்ந்து வந்துவிடும்.

தஞ்சாவூர் ஓவியத்துக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. ஆனால் கடைப்பலகையில் அந்தப் பெயர் இருப்பதாலேயே உள்ளே இருப்பதெல்லாம் அசலாகிவிடாது. முடிந்தவரை ஓவியரிடமே நேரில் போய் வாங்குங்கள், இல்லையென்றால் அரசின் பூம்புகார் விற்பனை நிலையத்துக்குப் போங்கள். எங்கே வாங்கினாலும், ‘முழுவதும் கையால் வரைந்தது, 22 காரட் தங்க ரேக்கு’ என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். நாளைக்கு நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போனால் கைகொடுப்பது அந்தப் பில்தான். எழுதித் தர மறுக்கிற கடையில் பணத்தைக் கொடுக்காதீர்கள்.