அழுத்தம் எங்கே போகிறது?

மேல்மாடிக் குளியலறையில் ஷவரைத் திறந்தால் தண்ணீர் நூலாக வடிகிறது. ‘டேங்கை இன்னும் உயரத்தில் வைத்திருக்கலாம்’ என்பதுதான் முதலில் வரும் யோசனை. பல வீடுகளில் குறை டேங்கில் இல்லை. சுவருக்குள் புதைந்த பைப்பில் இருக்கிறது.

பத்து மீட்டர் உயரத் தண்ணீர், சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ அழுத்தம் தரும். குழாய் மூடியிருக்கும்வரை இந்த அழுத்தம் முழுதாக இருக்கும். தண்ணீர் ஓடத் தொடங்கியதும் பைப்பின் சுவரோடு உராய்ந்து, உள்ளே சுழன்று, ஆற்றலில் ஒரு பகுதியை வெப்பமாக இழக்கிறது. அந்த வெப்பம் கைக்குத் தெரியாத அளவு சிறியது. அழுத்தம் குறைவதோ கண்ணுக்கே தெரிகிறது.

இழப்பைக் கணக்கிட உதவும் சூத்திரத்துக்கு டார்சி-வைஸ்பாக் சமன்பாடு என்று பெயர். ஜெர்மானியரான வைஸ்பாக் 1845இல் அதற்கு இன்றைய வடிவம் தந்தார். பிரான்சின் டிஜோன் நகருக்கு 1840இல் ஊற்றுநீரைக் கொண்டுவந்த பொறியாளர் ஹென்றி டார்சி, புதிய பைப்புகளிலும் உள்ளே படிவு படிந்த பழைய பைப்புகளிலும் தண்ணீரை ஓட்டி அளந்து, முடிவுகளை 1857இல் வெளியிட்டார். உட்சுவரின் சொரசொரப்பும் கணக்கில் வர வேண்டும் என்பதை அந்தச் சோதனைகள் உறுதிப்படுத்தின.

சூத்திரம் சொல்வது இதுதான்: பைப் நீளமானால் இழப்பு அதே விகிதத்தில் கூடும். ஓடும் தண்ணீர் இரு மடங்கானால் இழப்பு ஏறக்குறைய நான்கு மடங்காகும். விட்டம் பாதியானால், அதே அளவு தண்ணீருக்கு இழப்பு சுமார் முப்பது மடங்காகும்!

ஒரு கணக்குப் போடுவோம். டேங்கின் நீர்மட்டம் ஷவருக்கு மூன்று மீட்டர் மேலே இருக்கிறது. இடையில் 10 மீட்டர் வழவழப்பான பிளாஸ்டிக் பைப். நிமிடத்துக்கு 12 லிட்டர் வேண்டும். உள்விட்டம் 15 மில்லிமீட்டர் என்றால் சுமார் 1.2 மீட்டர் உயரத்துக்கான அழுத்தம் வழியிலேயே போய்விடும். 20 மில்லிமீட்டர் என்றால் போவது 30 சென்டிமீட்டர்தான். 25 மில்லிமீட்டரில் வெறும் 10 சென்டிமீட்டர்.

எல்போக்களையும் மறக்கக் கூடாது. சாதாரண எல்போ ஒன்று, பைப்பின் விட்டத்தைப் போல் முப்பது மடங்கு நீள நேர்பைப்புக்குச் சமம். 15 மில்லிமீட்டர் பைப்பில் ஆறு எல்போ போட்டால், கண்ணுக்குத் தெரியாத 2.7 மீட்டர் பைப்பைக் கூடுதலாகப் போட்டதாகவே அர்த்தம்.

ஆகவே வீடு கட்டும்போது, டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே பிளம்பருடன் உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போடுங்கள். டேங்கிலிருந்து இறங்கும் முதன்மை பைப்பை ஒரு அளவு பெரிதாகக் கேளுங்கள். கடையில் சொல்லும் அளவை நம்பாமல் உள்விட்டத்தைப் பாருங்கள், வளைவுகளைக் குறையுங்கள். பெரிய பைப்புக்குக் கூடுதல் செலவு ஒருமுறைதான். சிறிய பைப்பை ஈடுகட்ட பிரஷர் பம்ப் வைத்தால், ஒவ்வொரு குளியலுக்கும் மின்கட்டணம் கட்ட வேண்டும்.