மிதித்து ஆடும் நாடகம்

கொச்சியில் மட்டாஞ்சேரி என்று ஒரு பழைய கடைவீதி உண்டு. மிளகு, சுக்கு, ஏலக்காய் வியாபாரத்துக்குப் பேர் போன இடம். பல தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்களும் அங்கே வாழ்கின்றன. பக்கத்திலேயே போர்ட் கொச்சி. சுற்றிலும் காயலும் கடலும். இந்தக் கரையோரத்துக் கிறிஸ்தவர்கள் ஆடும் கூத்துக்குச் சவிட்டு நாடகம் என்று பெயர். ஆடியவர்களில் பலர் மீனவர்கள், கூலி வேலை செய்தவர்கள்.

சவிட்டு என்றால் என்ன? மலையாளத்தில் சவிட்டு என்றால் மிதி. கன்னியாகுமரிப் பக்கத்திலும் "சவட்டாதே" என்று சொல்வார்கள். ஆகவே இது மிதித்து ஆடும் நாடகம்.

இதைத் தரையில் ஆடுவதில்லை. மரப் பலகைகளை அடுக்கி உயரமாக மேடை போடுவார்கள். பலகைக்கு அடியில் வெற்றிடம் இருக்கும். நடிகர் காலை ஓங்கி மிதித்தால் மேடையே 'திம்' என்று அதிரும். ஒரு பெரிய மத்தளத்தின் மேல் ஏறி நின்று ஆடுவது போலத்தான். சிமெண்டு மேடையில் ஆடிப் பாருங்கள். சத்தம் வராது. கால்தான் வலிக்கும்!

அடிப்படை அடிவைப்புகள் 12 என்று சொல்வார்கள். ராஜாவும் படைவீரனும் நெஞ்சை நிமிர்த்தி ஓங்கி மிதிப்பார்கள். பெண் வேடத்துக்கு மென்மையான அடி. நல்லவனுக்கு ஒரு விதம், கெட்டவனுக்கு வேறு விதம். ஆள் வாயைத் திறக்கும் முன்பே அவன் யார் என்று காலைப் பார்த்துச் சொல்லிவிடலாம். பாட்டு ஓரிடத்தில் முடிந்ததும் வேகமாகச் சுழன்று மிதிப்பார்கள். அதற்குக் கலாசம் என்று பெயர்.

நடிகர் சும்மா ஆடினால் போதாது. பாட்டையும் அவரே பாட வேண்டும். பின்பாட்டுக்காரர்கள் அதைத் திருப்பிப் பாடுவார்கள். செண்டை முழங்கும், இலத்தாளம் ஒலிக்கும். சண்டைக் காட்சியில் கையில் வாளும் கேடயமும் இருக்கும். வாள் மோதுவதும் கால் விழுவதும் ஒரே தாளத்தில் வர வேண்டும். மூச்சு வாங்கினால் பாட்டு போய்விடும். அதனால்தான் களரியில் பழகுவது போல உடலை முதலில் வலுவாக்கிக் கொள்வார்கள்.

இது எப்படி வந்தது? போர்ச்சுக்கீசியர் 1500-ஆம் ஆண்டு கொச்சிக்கு வந்தார்கள். கரையோரத்தில் பலர் கிறிஸ்தவ மதத்தில் சேர்ந்தார்கள். அவர்களுக்கு ஐரோப்பியக் கதைகள் வந்து சேர்ந்தன. அவற்றில் பெரிய கதை கார்ல்மான் சரித்திரம். கி.பி. 800-இல் ரோமாபுரியில் முடிசூடிய சார்லமேன் என்ற பேரரசரும், அவருடைய 12 வீரர்களும் செய்த போர்களைச் சொல்லும் கதை அது. முன்பெல்லாம் இதைப் பல இரவுகள் தொடர்ந்து ஆடினார்களாம். கிரீடம், வெல்வெட்டு உடை, கையுறை என்று வேடமும் ஐரோப்பிய ராஜா போலவே இருக்கும்.

கதை ஐரோப்பாவுடையது. ஆடுபவர்கள் மலையாளிகள். பாட்டு எந்த மொழியில்? தமிழில்! மலையாளம் கலந்த பழைய தமிழ். கார்ல்மான் நாடகத்தை எழுதியவர் சின்னத்தம்பி அண்ணாவி என்ற தமிழர் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். அண்ணாவி என்றால் கூத்து சொல்லித் தரும் ஆசான். யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் கூட கூத்து ஆசானை அண்ணாவியார் என்றுதான் அழைக்கிறார்கள். நம் தெருக்கூத்தில் வரும் கட்டியக்காரனும் இந்த நாடகத்தில் உண்டு.

நாடகம் முழுவதும் அண்ணாவியின் சுவடியில் இருக்கும். அவர் சொல்லச் சொல்ல மற்றவர்கள் கேட்டு மனப்பாடம் செய்வார்கள். எழுத்துத் தெரியாதவர்கள் அப்படித்தான் நூற்றுக்கணக்கான வரிகளைக் கற்றார்கள். ஆனால் பார்க்க வந்த மலையாள மக்களில் பலருக்கு அந்தப் பழைய தமிழ் புரிவதில்லை. சொல் புரியாத இடத்தில் கதையைச் சொன்னது கால்தான். பலகை அதிர்ந்தால் போர் என்று குழந்தைக்கும் தெரியும்.

சுவடிகள் ஆசான்களின் வீடுகளிலேயே இருந்தன. கரையான் அரித்தால் நாடகமும் போச்சு. கோதுருத்து என்ற ஊரில் பிறந்த சபீனா ராஃபி என்ற பெண் எழுத்தாளர் இந்தக் கலையின் வரலாற்றைத் தேடித் தொகுத்தார். 1964-இல் அது மலையாளத்தில் நூலாக வந்தது.

முன்பு பெண் வேடத்தையும் ஆண்களே போட்டார்கள். இப்போது பெண்களும் ஆடுகிறார்கள். கேரளப் பள்ளிகளின் கலை விழாவில் சவிட்டு நாடகப் போட்டி நடக்கிறது. பல இரவு ஆடிய கதையைச் சில நிமிடங்களுக்குள் சுருக்க வேண்டியிருக்கிறது. கதை பாதிக்கு மேல் போய்விடுகிறது. ஆனால் மிதி போகவில்லை. மலையாளப் பிள்ளைகள் தமிழ் வரிகளை மனப்பாடம் செய்கிறார்கள். கடினமான சொல் வந்தால் ஆசானிடம் பொருள் கேட்கிறார்கள்.