அணிலுக்குச் சுவர் இல்லை

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, மாவும் புளியும் தென்னையும் முடிகிற இடத்தில் செண்பகத்தோப்புக் காடு ஆரம்பிக்கிறது. சாம்பல் நிற மலை அணிலுக்காகவே 1988-இல் சரணாலயமான காடு. 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்தது. உடம்பளவுக்கு வால் வைத்த இந்த அணில் தரைக்கு வருவது அபூர்வம். கிளைவிட்டுக் கிளை தாவும். பின்காலால் கிளையைப் பிடித்துத் தொங்கியபடியே புளியங்காயைக் கொறிக்கும்.

விலங்கு செல், தாவர செல், பாக்டீரியா செல் என்று பள்ளிக்கூடத்தில் படம் வரைந்து பாகம் குறித்தோமே, அந்த மூன்றும் இங்கே ஒரே கிளையில் இருக்கின்றன: அணில், புளி, அணிலின் குடலில் குடியிருக்கும் பாக்டீரியா. பாகங்களை வரிசையாக ஒப்பிப்பதைவிட ஒரே ஒரு கேள்வி கேட்டால் பாதி விஷயம் விளங்கிவிடும்: இந்தச் செல்லுக்குச் சுவர் உண்டா?

அணிலின் செல்லுக்குக் கிடையாது. கொழுப்பு மூலக்கூறுகள் இரண்டு அடுக்காக நிற்கும் மெல்லிய சவ்வுதான் அதன் எல்லை. அதனால்தான் தசை செல் சுருங்கி நீள முடிகிறது, அணில் தாவ முடிகிறது. ஆனால் சவ்வு தாங்காது. சிவப்பணுவை வெறும் தண்ணீரில் போட்டால் நீரை உறிஞ்சி, உப்பி, வெடித்துவிடும். ஆஸ்பத்திரியில் ஏற்றும் பாட்டிலில் உப்போ குளுக்கோஸோ அளவாகக் கலந்திருப்பது இதற்காகத்தான்.

புளியின் செல்லும் நீரை உறிஞ்சும், வெடிக்காது. சவ்வுக்கு வெளியே செல்லுலோஸ் இழைகளாலான சுவர் எதிர்த்து நிற்கும். உள்ளே பெரும்பகுதியை நுண்குமிழ் என்னும் நீர்ப்பை அடைத்துக்கொண்டிருக்கிறது. புளிப்புக்குக் காரணமான டார்டாரிக் அமிலம் சேர்வதும் அந்தப் பைக்குள்தான்.

பொழுது சாயும்போது ஒரு புளிய இலையைக் கவனியுங்கள். எதிரெதிரே இருக்கும் சிற்றிலைகள் ஜோடி ஜோடியாக மடிந்து ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு சிற்றிலையின் அடியிலும் கடுகிலும் சிறிய புடைப்பு இருக்கிறது. அதன் ஒரு பக்கத்துச் செல்கள் பொட்டாசியத்தை வெளியே தள்ள, பின்னாலேயே தண்ணீரும் போய்விடும். அந்தப் பக்கம் தொய்ய, மறுபக்கம் விறைக்க, இலை மடியும். தசையே இல்லாத அசைவு!

1665-இல் ராபர்ட் ஹூக் தக்கையில் கண்டு ‘செல்’ என்று பெயர் வைத்ததும் இந்தச் சுவர் சூழ்ந்த அறைகளுக்குத்தான். உள்ளே இருந்த உயிர் எப்போதோ போயிருந்தது.

பாக்டீரியா மிகச் சிறியது. அணில் செல் பத்து இருபது மைக்ரோமீட்டர் என்றால், இது ஒன்றோ இரண்டோ. உட்கரு இல்லை, டி.என்.ஏ. பெரும்பாலும் ஒரே வளையமாகச் சுருண்டு கிடக்கும். சுவர் உண்டு, ஆனால் செல்லுலோஸ் அல்ல. சர்க்கரைச் சங்கிலிகளை அமினோ அமிலத் துணுக்குகள் கோத்த வலை அது, பெப்டிடோகிளைக்கான் என்பார்கள். அதைக் கோக்க விடாமல் தடுப்பதுதான் பென்சிலினின் வேலை. சுவர் பலவீனமான பாக்டீரியா வெடித்துச் சாகும். நம் செல்லுக்குச் சுவரே இல்லாததால் அங்கே மருந்துக்கு வேலை இல்லை.

இலையிலும் பட்டையிலும் உள்ள செல்லுலோஸை அணிலால் தானாகச் செரிக்க முடியாது. பெருங்குடல் தொடங்கும் இடத்திலுள்ள பையில் பாக்டீரியாக்கள் அதை நொதிக்கவைத்துக் கொடுக்கின்றன.

இந்த உறவு இன்னும் பழையது. அணிலின் தாவலுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்டிரியாவும், புளியிலையின் பசுங்கணிகமும் ஒரு காலத்தில் தனியே திரிந்த பாக்டீரியாக்கள். வேறொரு செல்லுக்குள் புகுந்து தங்கிவிட்டவை. 1967-இல் லின் மார்குலிஸ் இதை எழுதியபோது பலரும் ஏற்கவில்லை. அவற்றின் சொந்த டி.என்.ஏ.வைப் பாக்டீரியாவோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே வாதம் அடங்கியது. புரதம் தயாரிக்கும் ரைபோசோமும் மைட்டோகாண்டிரியாவில் இன்னும் பாக்டீரியாச் சாயலில்தான் இருக்கிறது. அதனால், பாக்டீரியாவின் ரைபோசோமைத் தாக்கும் லினசோலிட் போன்ற மருந்து பென்சிலின்போல நம்மை விட்டுவிடுவதில்லை. மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்கு அதை மாதக்கணக்கில் கொடுக்கும்போது, மருத்துவர்கள் ரத்த அணுக்களின் எண்ணிக்கையை அடிக்கடி சோதித்துக்கொண்டே இருக்கிறார்கள்.