கோப்புகளோடு வரலாறும் இடம்மாறட்டும்

ஒரு மாணவர் வேறு பள்ளிக்குச் செல்லும்போது அவரது பெயர், பிறந்த தேதி, படித்த வகுப்பு ஆகியவை மாற்றுச் சான்றிதழில் உடன் செல்கின்றன. மாணவர்கள் எழுதும் கணினி நிரல்களுக்கும் இப்படியொரு பதிவேடு தேவை. மேல்நிலை வகுப்பில் பைத்தான் கற்பிக்கும் நான், குழுச் செயல்திட்டங்களைக் 'கிட்' மென்பொருளில் பதிவு செய்யச் சொல்கிறேன்.

லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் உருவாக்கிய பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருள் இது. ஒவ்வொரு முறை பதிவு செய்யும்போதும் கோப்புகளின் அப்போதைய நிலையோடு, எழுதியவர் யார், எப்போது எழுதினார், ஏன் மாற்றினார், இதற்கு முந்தைய பதிவு எது என்பவையும் சேமிக்கப்படுகின்றன. இந்த விவரங்களே மீத்தரவு. நான்கு பேர் சேர்ந்து செய்த பணியில் ஒருவரின் உழைப்பைத் தனியே கண்டு மதிப்பெண் தர இதுவே எனக்கு உதவுகிறது.

திறக்க மறுத்தால் கெட்டுவிட்டதா?

இவை யாவும் செயல்திட்டக் கோப்புறைக்குள் '.கிட்' என்னும் மறைந்த கோப்புறையில் உள்ளன. இதையே களஞ்சியம் என்கிறோம். அதன் வடிவப் பதிப்பு எண் அமைப்புக் கோப்பில் 0 அல்லது 1 என இருக்கும். 1 என்றால், அங்கே குறித்துள்ள கூடுதல் வசதிகள் அனைத்தையும் அறிந்த கிட் மட்டுமே அதைக் கையாள வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. கிட் தன் பதிவுகளுக்கு ஷா-1 முறையில் 40 இலக்க அடையாளம் தருகிறது. வெவ்வேறான இரு கோப்புகளுக்கு ஒரே ஷா-1 மதிப்பு வரச் செய்யலாம் என 2017இல் ஆய்வாளர்கள் காட்டினர். 2020இல் வந்த கிட் 2.29, 64 இலக்க ஷா-256 முறையைச் சோதனை அளவில் சேர்த்தது. அவ்வகைக் களஞ்சியத்தை அதற்கு முந்தைய கிட் திறக்க மறுக்கும். "கெட்டுப்போச்சு சார்" என்பார்கள் மாணவர்கள். கெடவில்லை, புரியாத வடிவத்தில் எதையாவது எழுதிக் கெடுத்துவிடாமல் இருக்கவே மறுக்கிறது. மென்பொருளைப் புதுப்பிப்பதே தீர்வு. வடிவ எண்ணைக் கையால் திருத்தக் கூடாது.

மென்பொருள் மாறும்போது

சப்வெர்ஷன் மென்பொருளிலிருந்து கிட்டுக்கு மாறுவதாக வைத்துக்கொள்வோம். முன்னதில் வழக்கமாகப் பயனர்பெயர் மட்டுமே பதிவாகும். கிட்டோ பெயரையும் மின்னஞ்சலையும் சேர்த்தே பதியும். எந்தப் பயனர்பெயர் யாருடையது என்ற பட்டியலை மாற்றத்துக்கு முன்பே தயாரிக்க வேண்டும். பிறகு திருத்தலாமே எனத் தோன்றும். ஆனால் பதிவின் அடையாளம் மீத்தரவையும் சேர்த்தே கணக்கிடப்படுவதால், ஒரு பெயரைத் திருத்தினாலும் அந்தப் பதிவின் அடையாளமும் அதைத் தொடரும் பதிவுகளின் அடையாளங்களும் மாறிவிடும். மற்றவர்களிடம் ஏற்கெனவே உள்ள நகல்களோடு அவை ஒத்துப்போகா. சப்வெர்ஷன் வெற்றுக் கோப்புறையையும் பதியும். கிட் பதியாது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

வகுப்பறைக்கு மூன்று குறிப்புகள்:

1. ஆய்வகக் கணினியைப் பலர் பயன்படுத்துவதால், பதிவுக்கு முன் தம் பெயரை அமைக்கச் சொல்லுங்கள்.

2. பென் டிரைவில் நகலெடுக்கும்போது உள்ளிருக்கும் கோப்புகளை மட்டும் தேர்ந்தெடுக்காமல் முழுக் கோப்புறையையும் எடுக்கச் சொல்லுங்கள். இல்லையெனில் மறைந்த கோப்புறை விடுபட்டுவிடும்.

3. கிட்ஹப் தளத்தில் ஜிப் கோப்பாகப் பதிவிறக்கினால் வரலாறு வராது. 'குளோன்' கட்டளையைப் பயன்படுத்துங்கள்.

நிரல் மட்டும் வந்துசேர்ந்தால் வேலை நடக்கும்; ஆனால் அதை எழுதிய மாணவரின் பெயர் தொலைந்துபோகும்.