தலைகீழாக ஒரு டைம்டேபிள்!

நம் ஆட்கள் டூர் பிளான் போடுகிற அழகே தனி! ஆபீஸ் கேன்டீனில் ஒருவர், "மச்சி, கொழும்புக்கு ஃப்ளைட் டிக்கெட் சல்லிசாக் கிடைக்குதுடா" என்பார். டீ ஆறுவதற்குள் நாலு பேர் பணம் கட்டியாகிவிடும். அதற்கு அப்புறம்தான், "ஆமா, இறங்கினப்புறம் எங்கே போறோம்? எப்படிப் போறோம்?" என்கிற ஆராய்ச்சியே ஆரம்பமாகும்.

கடற்கரை, ஷாப்பிங் என்றால் இந்த முறையில் தப்பே இல்லை. எத்தனை மணிக்குப் போனாலும் கடல் அங்கேயேதான் இருக்கும். ஆனால், 'அப்படியே சிவனொளிபாதமலைக்கும் ஒரு நடை போயிட்டு வந்துடலாமே' என்று கூட்டத்தில் யாராவது சொன்னால், கையில் எடுத்த பர்ஸைத் திரும்ப பாக்கெட்டிலேயே வையுங்கள். அந்த மலை உச்சியில் ஒருத்தர் யாருக்காகவும் ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்க மாட்டார். அவர் பெயர் சூரியன்!

தெரியாதவர்களுக்காக நாலு வரி. இலங்கையின் மலையகத்தில், 2,243 மீட்டர் உயரத்தில் கூம்பு மாதிரி நிற்கிற மலை அது. உச்சியில் ஒரு பாதச்சுவடு. நமக்கு அது சிவன் பாதம். பௌத்தர்களுக்கு புத்தர் பாதம். அவர்கள் சொல்வது 'ஸ்ரீபாத'. முஸ்லிம்களுக்கு ஆதம் நபியின் பாதம். கிறிஸ்தவர்களில் புனித தோமையாரின் பாதம் என்று சொல்பவர்களும் உண்டு. ஆக, நாலு மதத்துக்காரர்களும் சண்டை போடாமல் ஒரே கியூவில் நிற்கிற அபூர்வமான இடம். மொராக்கோ நாட்டு யாத்ரீகர் இபின் பதூதா 1344-லேயே ஏறிவிட்டு வந்திருக்கிறார். (அவருக்கென்ன... ஃப்ளைட்டைப் பிடிக்கிற கவலையா, திங்கட்கிழமை ஆபீஸா!)

டிசம்பர் பௌர்ணமியில் ஆரம்பித்து மே மாத வெசாக் பௌர்ணமியோடு சீசன் முடியும். ராத்திரி முழுக்கப் படியேறி, விடியும்போது உச்சியில் நிற்பதுதான் யாத்திரை. கிழக்கே சூரியன் எழும்ப, மேற்கே மலையின் நிழல் முக்கோணமாக மேகத்தின் மேல் விழும். கொஞ்ச நேரம்தான். தாமதமாகப் போனால் அன்றைக்குப் பாதச்சுவடு மட்டும்தான்.

ஒரே ஒரு சான்ஸ்

இந்தக் கணக்கை நான் உட்கார்ந்து போட்டது 2024 மார்ச்சில். கூட வந்தவர் என் அப்பா. வயது 66. மஸ்கெலியா பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். 1964-ல் சிறிமாவோவும் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தின்படி, 1974-ல் பதினாறு வயதில், குடும்பத்தோடு தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரம் வந்து, நீலகிரிக்குப் போனவர். அன்றிலிருந்து வீட்டில் ஒரே பாட்டு: "ஒரு தடவ மலைக்குப் போயிட்டு வந்துடணும்டா."

மூட்டு டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்து உதட்டைப் பிதுக்கியாகிவிட்டது. "இந்த வருஷம் ஏறினா உண்டு சார். அடுத்த வருஷம் நான் சொல்ல முடியாது" என்றார். அதாவது, பஸ்ஸைத் தவறவிட்டால் 'சரிப்பா, அடுத்த சீசன்ல பார்த்துக்கலாம்' என்று சொல்ல வழியில்லை.

பி.காம். படித்ததில் எனக்கு உருப்படியாக ஒட்டிக்கொண்ட பாடம் ஒன்றே ஒன்று. வருஷக் கடைசியில் இவ்வளவு லாபம் வேண்டும் என்றால், அந்த எண்ணை முதலில் எழுதிக்கொண்டு, அங்கிருந்து பின்னாலேயே நடந்து வந்து, இன்றைக்கு எவ்வளவு விற்க வேண்டும் என்று பார்க்க வேண்டும். அதையே மலைக்கும் போட்டேன்.

மார்ச்சில் சூரிய உதயம் ஆறேகால் வாக்கில். ஐந்தே முக்காலுக்கு உச்சியில் இருக்க வேண்டும். ரொம்ப முன்னாடி போனாலும் வம்பு. மேலே குளிர் எலும்பைத் தட்டும், உட்கார இடமும் கொஞ்சம்தான். படிகள் ஐயாயிரத்துக்கும் மேல். உங்களை மாதிரி இளவட்டங்களுக்கு மூணு, மூணரை மணி நேரம். அப்பாவுக்கு ஏழு மணி நேரம் ஒதுக்கினேன். ஆக, பத்தரைக்கு முதல் படி. அதற்கு முன்னால் சாப்பாடு, மூணு மணி நேரத் தூக்கம். அப்படியென்றால் சாயங்காலம் ஆறு மணிக்குள் அடிவாரத்தில் ரூம் போட்டாக வேண்டும். அடிவாரத்துக்குப் பக்கத்து ரயில்வே ஸ்டேஷன் ஹட்டன். அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர் மலைப்பாதை. பஸ்ஸில் ஒன்றரை, இரண்டு மணி. எனவே ஹட்டனில் மூணரைக்குள். கொழும்பு கோட்டையிலிருந்து ஹட்டனுக்கு ரயிலில் ஐந்து மணி நேரம். 8.30-க்கு உடரட்ட மெனிக்கே. அதைப் பிடிக்க ஏழே முக்காலுக்கு ஸ்டேஷனில்.

இத்தனையும் எழுதி முடித்தபோதுதான் விஷயம் விளங்கிற்று. ரொம்ப சல்லிசான டிக்கெட் எங்களைக் காலை பத்து மணிக்கு இறக்கிவிடுவதாக இருந்தது. ரயில் அதற்குள் பாதி வழி போயிருக்கும்! அதில் மிச்சமாகிற காசு, அவசரத்துக்கு ஒரு வேன் பிடித்தால் ஒரே மூச்சில் கரைந்துவிடும். எனவே முதல் நாள் சாயங்கால விமானம், கொழும்பில் ஒரு ராத்திரித் தூக்கம். ஃப்ளைட் டிக்கெட்தான் கடைசியாக வாங்க வேண்டிய ஐட்டம். நம் ஆட்கள் அதைத்தான் முதலில் வாங்குகிறார்கள்.

கட்டுநாயக்கவில் கால் வைத்ததும்...

பண்டாரநாயக்க சர்வதேச விமான நிலையம் இருப்பது கொழும்பில் அல்ல. அதற்கு வடக்கே முப்பது சொச்சம் கிலோமீட்டர் தள்ளி, கட்டுநாயக்கவில். சென்னையிலிருந்து பறந்து வருகிற நேரமும், அங்கிருந்து நெரிசலில் கொழும்புக்குப் போகிற நேரமும் சில நாள் ஒன்றாகிவிடும். 2013-ல் திறந்த எக்ஸ்பிரஸ் சாலை வழியாகப் போனால் சீக்கிரம். தனி ஆளுக்கு 187-ஆம் நம்பர் பஸ் போதும். புறக்கோட்டையில் இறக்கிவிடும்; அங்கிருந்து கோட்டை ஸ்டேஷன் நடக்கிற தூரம். (பெயர்தான் கோட்டை. இறங்கிக் கோட்டையைத் தேடாதீர்கள்!)

வெளியே வந்ததுமே ஒருவர் புன்னகையோடு பெட்டியில் கை வைத்தார். "சேர், ஹட்டனுக்கு வேன். டொலர்ல குடுக்கலாம்." அப்பா அவரிடம், "தம்பி, நான் இந்த ஊர்க்காரன்" என்று அசல் தோட்டத்துத் தமிழில் சொன்னதும், அவரே பஸ் நிற்கிற இடத்தைக் காட்டிவிட்டுப் போனார்.

வேன் மோசம் என்று சொல்லவில்லை. நாலைந்து பேராகப் போகிறீர்கள், காலை விமானம்தான் கிடைத்தது என்றால், வேன்தான் சரி. கொழும்புக்குள் நுழையாமலே அவிசாவளை, கித்துல்கல, கினிகத்தேனை வழியாக மலையேறிவிடலாம். ('தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்' படத்தின் பாலத்தைக் கட்டி வெடித்தது இந்தக் கித்துல்கலவில்தான்.) தலைக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். நாலு பேருக்கு வேன் நியாயம். ஒருத்தருக்கு வேன் ஆடம்பரம். பேரத்தை மட்டும் ஏர்போர்ட் வாசலில் வைத்துக்கொள்ளாமல், ஊரிலிருந்து கிளம்பும் முன்பே முடித்துவிடுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. நம் ஒரு ரூபாய்க்கு அங்கே மூணு ரூபாய்க்கு மேல் கிடைக்கும். கை நிறைய நோட்டைப் பார்த்ததும் ஜமீன்தார் நினைப்பு வந்துவிடும். அரை நாளில் தெளிந்துவிடும்.

கடைசி முப்பது கிலோமீட்டர்

எந்த யாத்திரையிலும் ஆட்களைக் கவிழ்ப்பது ஆயிரம் கிலோமீட்டர் விமானப் பயணம் இல்லை, கடைசி முப்பதுதான். இங்கே அதில் ஒரு பெயர்க் குழப்பமும் சேர்ந்துகொள்கிறது. அடிவாரத்து ஊருக்கு மேப்பில் டல்ஹவுசி என்று போட்டிருக்கும். அங்கே நம் தமிழ் ஜனங்கள் சொல்வது நல்லதண்ணி. சிங்களத்தில் நல்லதன்னிய. மூன்றும் ஒரே ஊர்! பஸ் போர்டில் 'டல்ஹவுசி'யைத் தேடிக்கொண்டு நிற்காமல், "நல்லதண்ணி பஸ் எது?" என்று தமிழிலேயே கேளுங்கள். ஹட்டனில் பத்துப் பேராவது பதில் சொல்வார்கள்.

இரத்தினபுரிப் பக்கமிருந்தும் மலைக்குப் பாதை உண்டு. அது ரொம்ப நீளம், செங்குத்து. முதல் தடவை போகிறவர்களுக்கும், மூட்டுக்காரர்களுக்கும் நல்லதண்ணிதான்.

சீசனில் ஹட்டனிலிருந்து யாத்ரீகர்களுக்காகத் தனி பஸ்கள் ஓடும். அப்பா கஷ்டப்படக் கூடாது என்று நான் ஒரு காருக்குச் சொல்லிவைத்திருந்தேன். அவர் ஸ்டேஷன் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"கார் வேணாம்டா. பஸ்லயே போவோம்."

"ஏம்ப்பா? கால் வலிக்கும்ப்பா."

"கார்க்காரன் பேர் சொல்ல மாட்டான். கண்டக்டர் சொல்லுவான்."

ஏறிய பிறகுதான் புரிந்தது. டிக்கோயா, நோர்வூட் என்று வரிசையாக நிறுத்தங்கள் வர வர, கண்டக்டர் வாய் திறப்பதற்கு ஒரு நொடி முன்னால் அப்பா அந்தப் பெயரை முணுமுணுத்தார். எல்லாமே சரியாக இருந்தது! மவுசாகலை நீர்த்தேக்கம் வந்ததும் ஜன்னலைத் தட்டினார். "பழைய மஸ்கெலியா டவுன் இந்தத் தண்ணிக்குள்ளதான் இருக்கு. எனக்குத் தீபாவளிக்குத் துணி எடுத்த கட அங்கதான்." அறுபதுகளின் கடைசியில் அணை கட்டியபோது மூழ்கிய ஊர் அது. தண்ணீர் ரொம்ப வற்றினால் பழைய கோயில் வெளியே தெரியும் என்று பக்கத்து சீட்டுக்காரர் சொன்னார்.

காருக்கு நான் ஒதுக்கிய பணம் அப்படியே மிச்சம். அதை அப்பாவுக்கு ஒரு கம்பளிக் குல்லாயிலும் ஊன்றுகோலிலும் போட்டேன்.

ஏறியதும் இறங்கியதும்

பத்தரைக்கு முதல் படி. சீசனில் வழி நெடுக விளக்கு, டீக்கடை. ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் "கருணாவை" என்று ஒருவரை ஒருவர் வாழ்த்திக்கொள்கிறார்கள். பௌர்ணமி வாரத்தையும் சனி, ஞாயிறையும் தள்ளிவைத்திருந்ததால் தள்ளுமுள்ளு இல்லை. அந்த நாட்களில் போனால் உச்சிக்குக் கீழே கியூவிலேயே விடிந்துவிடுமாம். அப்பா இருபது படிக்கு ஒரு தரம் நின்றார். நான் எதுவும் கேட்கவில்லை. ஏழு மணி நேரம் ஒதுக்கியதே அதற்காகத்தானே!

5.50-க்கு உச்சி. மேலே ஒரு மணி உண்டு. எத்தனை தடவை மலை ஏறியிருக்கிறோமோ அத்தனை தடவை அடிக்க வேண்டும் என்பது வழக்கம். நான் ஒரு தடவை அடித்தேன். அப்பா நாலு தடவை அடித்தார். மூன்று, தோட்டத்திலிருந்து நடந்தே வந்த சிறு பையன் கணக்கு.

இறங்குவதற்கும் ஒரு கணக்கு வேண்டும். ஏறும்போது மூச்சு வாங்கும். இறங்கும்போது முட்டி பழிவாங்கும். நல்ல கால்களுக்கே இரண்டு, மூன்று மணி. காலை பதினொன்றுக்கு அடிவாரம், இரண்டு மணிக்கு ஹட்டன், எட்டு மணிக்குக் கொழும்பு என்றால், அன்று நள்ளிரவு விமானத்தைப் பேப்பரில் பிடித்துவிடலாம். வழியில் ஒரு மண்சரிவு, ஒரு பஞ்சர் போதும், டிக்கெட் காற்றில். ஒரு ராத்திரி தங்கி, மறுநாள் விமானம் ஏறுங்கள். மேனேஜர் முறைப்பார்தான். ஆனால், மறுநாள் ஆபீஸ் மாடிப்படியில் நீங்கள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நண்டு மாதிரி இறங்குவதைப் பார்த்தால், இன்னொரு நாள் லீவை அவரே கொடுத்துவிடுவார்.

ரெண்டாவது காகிதம்

நாங்கள் போனபோது ரயில் ஓடியது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தது. இலங்கையில் அறுநூறு பேருக்கு மேல் உயிர் போயிற்று. மலையகத்து ரயில் பாதை பல இடங்களில் அடியில் மண்ணே இல்லாமல் அந்தரத்தில் தொங்கியது. அதற்கு முன், 2022 பொருளாதார நெருக்கடியில் பெட்ரோலுக்கே நாள் கணக்கில் கியூ. அந்த நாட்டு ஜனங்கள் பட்ட பாட்டுக்கு முன்னால் நம் யாத்திரைத் திட்டம் ஒரு பொருட்டே இல்லை. ஆனாலும் பாடம் இருக்கிறது: ஒரே வழியை நம்பிக் கிளம்பாதீர்கள்.

கிளம்புகிற வாரத்தில் எந்த ரயில் எந்த ஸ்டேஷன் வரை போகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். புறக்கோட்டையிலிருந்து ஹட்டனுக்குப் போகிற பஸ் நேரத்தை இரண்டாவது காகிதத்தில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். ஈ.டி.ஏ. அனுமதி விதியையும் டிக்கெட் வாங்கும் அன்றே பாருங்கள். அது அடிக்கடி மாறுகிறது. ஸ்வெட்டர், தண்ணீர், சில்லறை... இந்த மூன்றும் பையின் மேலாக இருக்கட்டும்.

பெற்றவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறீர்களா? உங்கள் நடைக்குப் போட்ட நேரத்தை அப்படியே இரண்டால் பெருக்குங்கள். அப்புறம் பஸ்ஸா காரா என்று அவர்களிடமே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.