ஷெங்கன் சுற்றுலா நுழைவிசைவில் தங்கல் காலக் கணக்கீடு

முன்னுரை

விசா எனப்படும் நுழைவிசைவின் செல்லுபடிக் காலமும் அதன்வழித் தங்கக்கூடிய காலமும் வேறுவேறானவை. இவ்வேறுபாட்டை அறியாத பயணியர் தம்மையறியாமலே விதிமீறலுக்கு உள்ளாக நேரிடும். ஐரோப்பிய நாடுகள் 29 அடங்கிய ஷெங்கன் பகுதியை முன்வைத்து இக்கட்டுரை இதனை விளக்குகிறது.

ஒருமுறை நுழைவிசைவு

பயண நாள் தள்ளிப்போகக்கூடும் என்பதற்காகச் செல்லுபடிக் காலத்தில் 15 நாள்கள் சலுகையாகச் சேர்க்கப்படுகின்றன. இச்சலுகை தங்கும் காலத்தை நீட்டிப்பதன்று. விசாவில் தனியே குறிக்கப்பட்ட நாள்களின் எண்ணிக்கையே தங்கலின் வரம்பாகும்.

பலமுறை நுழைவிசைவு

எந்தவொரு 180 நாள் காலப்பகுதியிலும் 90 நாள்களுக்கு மிகாமல் தங்கலாம் என்பது பொதுவிதி. 2013 அக்டோபர் 18 முதல், இந்த 180 நாள்கள் தங்கும் ஒவ்வொரு நாளிலிருந்தும் பின்னோக்கி எண்ணப்படுகின்றன. நுழையும் நாளும் வெளியேறும் நாளும் கணக்கில் சேரும்.

சான்றாக, ஓராண்டு செல்லுபடியாகும் இசைவு பெற்ற ஒருவர் 2025 ஜனவரி 1 முதல் மார்ச் 31 வரை 90 நாள்கள் தங்கினார் எனக் கொள்வோம். இசைவு செல்லுபடியாகும் நிலையிலும், ஜூன் 30க்கு முன் அவர் மீண்டும் நுழைய இயலாது. அன்று ஜனவரி 1 கணக்கிலிருந்து நீங்குவதால் ஒரு நாள் கிடைக்கிறது. அடுத்தடுத்த நாள்களிலும் அவ்வாறே.

முடிவுரை

இக்கணக்கு பிழைபடின் எல்லையில் நுழைவு மறுக்கப்படலாம். பின்னாளைய விண்ணப்பமும் நிராகரிக்கப்படலாம். எனவே, பயணத்திட்டம் வகுப்போர் செல்லுபடியின் இறுதி நாளை மட்டும் நோக்காது, தங்கக்கூடிய நாள்களின் எண்ணிக்கையையும் கணக்கிட்டுச் செல்லுதல் வேண்டும்.